மூத்தவனின் பெயர்

போர்மனின் சமையலறைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பெயின்ற் அடிப்பதற்கு முன்னால் சுவரில் ஒட்டுவார்களே, அந்தத் தடித்த வெள்ளைச் சுருளிலிருந்து கிழித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தொடங்கிக் கதவு நிலை வரைக்கும் நீண்டது. தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சிலால் தன்னுடைய பூட்டன், பாட்டன், அவர்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று எல்லாரையும் அதில் எழுதியிருந்தார். கோடுகளை மட்டப்பலகை வைத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பிறப்பு, கலியாணம், இறப்பு என்று மூன்று வரிகள். தன் பெயரின் கீழே கலியாணம் என்ற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு இழுத்து, இறப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். மற்றவர்களுக்கு எல்லாம் நிரம்பியிருந்தது. ஒரே ஒருவருக்குப் பிறந்த திகதி மட்டும்தான் இருந்தது. அதன் கீழே இரண்டு வரிகளும் வெறும் கடதாசி. அது அவருடைய அண்ணன்.

போர்மன் என்பது அவருடைய பெயர் இல்லை, கட்டட வேலையில் எங்களுக்கு மேலாளாக இருந்தவர் என்பதால் அப்படிக் கூப்பிட்டோம். அயர்லாந்துக்காரர். மேற்குக் கரையில் ஒரு கொல்லனின் கடைசி மகன். பதினேழு வயதில் லண்டனுக்கு வந்தவர். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் கோப்பை கழுவி, சுவிஸில் மாட்டுத் தொழுவம் கூட்டி, பாரிஸில் மூட்டை தூக்கி, எங்கும் நிலைக்காமல் லண்டனுக்கு வந்தபோது, ஒரு கட்டட வேலைத்தளத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கு அவரை முதலில் கண்டேன். வரிசையில் நின்றவர்களிடம் அவர் பெயர் கேட்கவில்லை. சப்பாத்துகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்று, "ஓட்டைச் சப்பாத்தோட கொங்கிறீட்டுக்குள்ள இறங்கினா காலை வெட்டித்தான் எடுக்க வேணும். உள்ள ஒரு பழைய சோடி கிடக்கு, போட்டுக்கொண்டு வா" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எப்போதும் என்னுடைய பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். அவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை செய்தேன். "நீ சீமெந்து குழைக்கிறியா, கறி காய்ச்சுறியா?" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேட்பார். அதற்கு மேல் கோபம் வந்ததை நான் கண்டதில்லை.

அவர் வேலையை விட்டபின் லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் ஒரு கவுன்சில் வாடகை வீட்டில் தனியே இருந்தார். நான் பக்கத்து மோர்டனில். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்துப் போவேன். தமிழ்க் கடையில் நாலு இறைச்சி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனால், உறைப்பு என்று முறைப்பட்டபடி மூன்றை அவரே சாப்பிடுவார். பிறகு கணினியைத் திறப்பார். நூலகத்தில் வேலைசெய்த ஒரு பெண்ணிடம் கேட்டு, அயர்லாந்துக் கோயில்களின் ஞானஸ்நானப் புத்தகங்களை அதில் பார்க்கக் கற்றிருந்தார். மை பரவிய லத்தீன் எழுத்து. ஒரு பக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் எடுக்கும். பல பழைய ஆவணங்கள் எரிந்துபோய்விட்டன என்றும், மிஞ்சியவற்றைச் செங்கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்வார். பூட்டன்வரை அவர் பொறுக்கிச் சேர்த்துவிட்டார். நூறு வருடத்துக்கு முன் இறந்தவர்கள் எல்லாரும் அகப்பட்டார்கள். தன்னோடு ஒரே கட்டிலில் படுத்த அண்ணன் மட்டும் அகப்படவில்லை.

அந்த அண்ணன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். லண்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் வீட்டுக்குக் கடிதம் போட்டார். பிறகு நின்றுவிட்டது. தாய் ஒவ்வொரு நாளும் தபால்காரனின் சைக்கிள் திரும்பும் முடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். போர்மன் பதினேழு வயதில் கப்பல் ஏறியது அண்ணனைக் கண்டுபிடித்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வைக்கத்தான். தாய் இறந்தார், மற்றச் சகோதரர்களும் ஒவ்வொருவராக இறந்தார்கள், தேடுவது நிற்கவில்லை. இங்கிலாந்தின் பதிவுகளில் அந்தப் பெயரில் கலியாணமும் இல்லை, மரணமும் இல்லை. "உலகத்தில கலியாணமும் கட்டாம, சாகவும் செய்யாம இருக்கிற ஒரே மனிசன் என்ர அண்ணைதான்" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். வேலைத்தளத் தூசி ஐம்பது வருடமாக அவருடைய நெஞ்சில் போய் இருந்திருக்கிறது. போன வசந்தத்தில் டொக்டர், அடுத்த குளிரைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "குளிர் வர முன்னம் அந்த ரெண்டு வரியையும் நிரப்பிப்போட வேணும்" என்று போர்மன் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கோடையின் ஒரு ஞாயிறு, கடதாசியில் அண்ணனுக்கும் முன்னால் இருந்த ஒரு பெயரைக் காட்டிக் கேட்டேன். பிறப்பும் இறப்பும் எட்டு மாத இடைவெளியில் இருந்தன.

"அதுதான் எங்கட மூத்தவன். குழந்தையிலேயே செத்துப்போனான்" என்றார். "எங்கட ஊரில முதல் ஆம்பிளைப் பிள்ளைக்கு அப்பப்பாவின்ர பெயர். ரெண்டாம் பெட்டைப் பிள்ளைக்கு அப்பம்மாவின்ர பெயர். எல்லாம் வரிசையா வரும். பிள்ளை செத்தா அடுத்த பெடியனுக்கு அதே பெயரைத் திருப்பி வைப்பினம். அப்பப்பாவின்ர பெயர் சும்மா கிடக்கக் கூடாது, பாத்தியா. அதாலதான் புத்தகத்தில ஒரே வீட்டில ஒரே பெயரில ரெண்டு பிள்ளையளைக் கண்டா, முதல் ஆள் செத்திட்டுது எண்டு எடுக்க வேணும்."

"அப்ப உங்கட அண்ணைக்கு ஏன் அந்தப் பெயரை வைக்கேல்லை?"

"அம்மா விடேல்லை. பாதிரியார் வந்து சொல்லியும் விடேல்லை. அது அவன்ர பெயர், அவன் கொண்டு போயிட்டான் எண்டு சொன்னவ. ஆறு வருசம் கழிச்சுத்தான் அண்ணை பிறந்தவர். வேற பெயர் வைச்சது."

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் என்று சொன்னேன். உண்மையில் அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. போர்மனின் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பெயரில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நான் முப்பது வருடமாக யாருக்கும் சொன்னதில்லை.

எனக்கும் ஒரு அண்ணை இருந்தான். இரண்டு வயது மூத்தவன். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப எல்லாம் ஒழுங்காகியிருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஏஜென்சிக்காரன் நாள் சொல்லிவிட்டான். அந்தக் கிழமை மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது. பதிவு அலுவலகம் பூட்டிக் கிடந்த காலம். மரணப் பத்திரம் எழுத ஆள் இல்லை. நாங்கள் அவனை எரித்து மூன்றாம் நாள், அம்மா அவனுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். படத்தில் அவனும் நானும் ஒரே முகம். "நீ அண்ணையாப் போ. ரெண்டு பேரையும் குடுக்க என்னால ஏலாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் அவனாகப் போனேன். அகதி விண்ணப்பம், வேலை, பிரஜாவுரிமை எல்லாம் அவனுடைய பெயரில். எழுத்தில் பார்த்தால் அவன் சாகவில்லை, நான் பதினேழு வயதில் ஊரில் காணாமல் போனவன். எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு இரண்டாம் பெயர். ஆகவே என் மகளின் பெயருக்குப் பின்னால் நிற்பதும் அண்ணைதான். அவளுக்கும் தெரியாது, பிரிந்துபோன அவளுடைய தாய்க்கும் தெரியாது. வெளியில் தெரிந்தால் பிரஜாவுரிமையைப் பறிப்பார்களா என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அம்மா மட்டும்தான், அதுவும் தொலைபேசியில். அவரும் போய்ப் பல வருடமாகிவிட்டது.

மூன்று ஞாயிறு நான் போர்மனிடம் போகவில்லை. ஷிப்ட் என்று பொய் சொன்னேன். நாலாம் ஞாயிறு போனபோது போர்மன் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று கதவைத் திறந்தார். ஒரு மாதத்தில் அவருடைய கழுத்து பாதியாகியிருந்தது. நான் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"உங்கட அண்ணையை அவற்ற பெயரில தேடாதேங்கோ. செத்த மூத்தவற்ற பெயரில தேடுங்கோ."

"செத்த குழந்தையை லண்டனில தேடச் சொல்லுறியா? உனக்கென்ன விசரா?"

பிறகு என் கதையைச் சொன்னேன். முழுவதும் சொல்ல பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. முப்பது வருடமாகக் காவித் திரிந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. போர்மன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப பதினொரு வருசம் ஒரு செத்த ஆளைத்தான் நான் ஏசினனானா?"

"ஓம்."

"பாவம் அந்தாள். சீமெந்து குழைச்சது நீ. ஏச்சு வாங்கினது அவர்." சொல்லிவிட்டு இருமினார். இருமல் நின்றதும் மிகவும் மெல்லிய குரலில், "உன்ர பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

லண்டன் கலியாணப் பதிவுகளில் மூத்தவனின் பெயர் ஏழெட்டு இடத்தில் இருந்தது. போர்மன் அந்த வரிகளை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறார். இறந்தவர் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரை யார் நின்று பார்ப்பார்கள்? கலியாணப் பத்திரங்களை அனுப்பச் சொல்லி எழுதினோம். முதலாவதில் தகப்பன் வேறு யாரோ. இரண்டாவதில் மணமகனின் தகப்பன் பெயர் சரியாக இருந்தது, தொழில் கொல்லன் என்றிருந்தது. அப்போதும் போர்மன் நம்பவில்லை. அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகளைத் தேடி எடுத்தபோதுதான் நம்பினார். மூத்த பையனுக்குப் போர்மனின் தகப்பனுடைய பெயர். இரண்டாவது மகளுக்குப் போர்மனின் தாயுடைய பெயர். "பெயரை மாத்தினவன், பெயர் வைக்கிற முறையை மாத்தேல்லை" என்று சொல்லிக் கணினியின் கண்ணாடியை விரலால் தடவினார்.

மரணப் பதிவும் அதே பெயரில் கிடைத்தது. நாலு வருடத்துக்கு முன். கிறொய்டனில். போர்மனின் வீட்டிலிருந்து ட்ராமில் கால் மணி நேரம். அந்த ட்ராமில் அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார். பத்திரத்தில், மரணத்தை அறிவித்தவர் இரண்டாவது மகள் என்று விலாசத்தோடு இருந்தது. போர்மன் பென்சிலை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் நிரப்பினார். மட்டப்பலகை வைக்கவில்லை. எழுத்து சரிந்து போனது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார்.

அந்த மகளுக்கு அவர் தன் கையால் கடிதம் எழுதினார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த மகள் வந்தார். அறுபது வயது இருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. போர்மன் கேட்டபடியால் நானும் இருந்தேன், நண்பன் என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண் படங்கள் கொண்டுவந்திருந்தார். ஒரு படத்தில் கிழவர் ஒருவர் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றார். நான் போர்மனைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். வேறு பத்திரம் தேவையில்லை.

போர்மன் சுவரிலிருந்த கடதாசியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது.

"என்ர அப்பா ஒரு செத்த குழந்தையின்ர பெயரைத் திருடினவர் எண்டு சொல்லவா என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"திருடேல்லை பிள்ளை. எங்கட வீட்டில சும்மா கிடந்த பெயர்."

"ஏன் செய்தவர்?"

போர்மன் கையை விரித்தார். அந்தக் காலத்தில் இங்கே இரண்டு வருடம் இருந்த அயர்லாந்துப் பையன்களுக்கும் பட்டாளத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும் என்று பிறகு சொன்னார். மூத்தவனின் பிறப்புப் பத்திரத்தில் ஆறு வயது கூடுதல். அந்த வயதுக்காரரைப் பட்டாளம் எடுக்காது. "அப்பிடித்தான் இருக்க வேணும். பிறகு அம்மாவுக்கு எந்தப் பெயரில கடிதம் போடுறது? அவ குடுக்க மாட்டன் எண்டு வைச்சிருந்த பெயரை எடுத்துப்போட்டு..."

அந்தப் பெண் கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளே சொல்வதுபோல் சொன்னார்: "கடைசி மாசம் அப்பா ஆருக்கும் மறுமொழி சொல்லேல்லை. நேர்ஸ்மார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவினம், திரும்ப மாட்டார். காது போயிட்டுது எண்டு சோதிச்சவை. காது நல்லா இருக்கு எண்டினம். அவருக்கு எங்களில கோவம் எண்டு நாங்கள் நினைச்சம். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து, என்ன பிழை விட்டன் எண்டு கேட்டுக் கேட்டு அழுதவ."

போர்மன் தன் அண்ணனின் சொந்தப் பெயரைச் சொன்னார். கூப்பிடுகிற மாதிரியே சொன்னார், வாசலில் நின்று உள்ளே இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. "இப்பிடிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பான்" என்றார்.

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பெண் படங்களைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தார். கல்லறைக் கல்லில் சரியான பெயரையும் சேர்த்து வெட்டலாமா, செலவை நான் பார்க்கிறேன் என்று போர்மன் கேட்டார். "அந்தக் கல்லுக்கு முன்னாலதான் என்ர அம்மா சாகும்வரைக்கும் பூ வைச்சவ. அதில ஒரு எழுத்தும் மாத்த விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு போர்மனை ட்ராமில் அண்ணனின் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். சேமக்காலை வாசலிலிருந்து கல்வரைக்கும் இருபது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். கல்லில் மூத்தவனின் பெயர் ஆழமாக, அழகாக வெட்டப்பட்டிருந்தது. வேலை நல்ல வேலை என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு சொன்னார்: "ஊரில எங்கட மூத்தவனுக்குக் கல் இல்லை. குழந்தையளை மதிலோரமா புதைச்சிட்டு வந்திடுவினம். அம்மாவுக்கு அது பெரிய குறை. இப்ப அவனுக்குக் கல் கிடைச்சிருக்கு. அண்ணைக்குத்தான் இல்லை." புல்லில் முழங்கால் போட முயன்றார், ஏலவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே செபம் சொன்னார்.

டொக்டர் சொன்ன குளிர் வருவதற்கு முன்பே போர்மன் போய்விட்டார். கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. பாதிப் பேர் பழைய வேலைத்தளத்து ஆட்கள், கைத்தடிகளோடு. அந்தப் பெண் வந்து கடைசி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை முடிந்தபின் என் பக்கம் திரும்பி, "அறுபது வருசம் அவரால கண்டுபிடிக்க ஏலாததை ஆர் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"அவர்தான். கடதாசியில எல்லாம் இருந்தது" என்றேன்.

அது பொய் என்று அவருக்கு விளங்கியிருக்கலாம். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஒரு சொல்லில் அவருக்கு ஆறுதல் கொடுத்திருக்கலாம். இப்படிச் செய்தவர் உங்கள் தகப்பன் மட்டும் இல்லை, இப்படிச் செய்த ஒருவன் தன் பிள்ளைகளை நேசிக்காமல் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. பயம். முப்பது வருடப் பயம் ஒரு நாளில் போய்விடாது. ஆனால் பஸ்ஸில் இருந்து வரும்போது என் மனதில் நின்றது அந்தத் தாய்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன பிழை விட்டேன் என்று கேட்ட அந்த மனுசி.

அடுத்த நாள் மகள் வந்திருந்தாள். இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, வை நவ்? ஏன் இப்ப சொல்லுறீங்கள்?"

"நான் வருத்தம் வந்து படுக்கையில கிடந்து, கூப்பிட்டுத் திரும்பாட்டி, உன்னோட கோவம் எண்டு நினைக்காத. என்ர சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்."

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவினாள். தன் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெரியப்பாவின் பெயரை அவள் அன்று எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. தொலைபேசியில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை, கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டாள்.

அப்போதும் அது என்னுடைய சொந்தப் பெயர் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான் திரும்பினேன்.